எந்த வயர் வாங்குவது?
டி.வி.யையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் வழிகள்: ஒரு ஒப்பீடு

செகந்திராபாத் மெட்டுகூடாவிலோ லாலாகூடாவிலோ மாரேட்பள்ளியிலோ ஒரு தமிழ்க் குடும்பம் புதிதாக டி.வி. வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திரை பெரிது. படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஒலி? பெட்டி மெலிய மெலிய, அதனுள் இருக்கும் ஸ்பீக்கரும் சிறுத்துப் போய்விட்டது. "பாட்டு கேட்கிறது, பேச்சுப் புரியவில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் குறைப்படுகிறார்கள்.

போனஸ் வந்ததும் குடும்பத் தலைவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்புகிறார். பார்க் லேன் செனாய் டிரேட் சென்டருக்குப் போகிறார். அல்லது கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லிக்குப் போகிறார். சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி ஊரில் அசெம்பிள் செய்த பெட்டியையே ரயிலில் கொண்டுவந்து சேர்ப்பவர்களும் உண்டு.

ஆம்ப்ளிஃபயர் வாங்கியாகிவிட்டது. அதன் பின்பக்கத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆப்டிகல், கோஆக்சியல், எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி., யு.எஸ்.பி., ப்ளூடூத் என்று ஐந்து வாசல்கள். கடையில் தொங்கும் வயர்களோ நூறு ரூபாயிலிருந்து ஆயிரக்கணக்கான ரூபாய் வரை. "விலை கூடினால் ஒலி இனிக்கும்" என்கிறார் கடைக்காரர். அது உண்மையா? எந்த வாசல் எதற்கு? மாதச் சம்பளக்காரர்கள் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

எண்களாக மாறிய இசை

பழைய ரேடியோவிலும் டேப் ரிக்கார்டரிலும் ஒலி, மின் அலையாகவே வயரில் ஓடியது. வயர் கெட்டிருந்தால் அலையும் கெடும். இரைச்சல் கலந்தால் கலந்ததுதான்.

1982-ல் சோனி, பிலிப்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் கொண்டுவந்த காம்பாக்ட் டிஸ்க், அதாவது சி.டி., இந்த முறையை மாற்றியது. அதில் ஒலி எண்களாகப் பதிவாகிறது. ஒரு வினாடி இசையை 44,100 கூறுகளாக அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங்கள் கொண்ட எண்ணாக எழுதிவைக்கிறார்கள். இலக்கம் என்றால் பூஜ்யம் அல்லது ஒன்று. இதற்கு 'பிட்' என்று பெயர். இடது, வலது என இரண்டு ஒலித்தடங்களுக்கும் சேர்த்து, வினாடிக்கு 14,11,200 பிட்கள். டிஜிட்டல் வயரில் ஓடுவது பாட்டு அல்ல, இந்த எண்கள்தான்.

ரயில்வேயில் வேலை செய்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். டிக்கெட்டில் பத்து இலக்க பி.என்.ஆர். எண் இருக்கிறது. அதை ஒருவர் தேன் போன்ற குரலில் படித்துச் சொல்கிறார். இன்னொருவர் கரகரத்த தொண்டையில் சொல்கிறார். பத்து இலக்கமும் சரியாகக் காதில் விழுந்துவிட்டால் கிடைப்பது ஒரே பெர்த்துதான். குரல் இனிமையாக இருந்ததால் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிடாது.

டிஜிட்டல் வயரும் அப்படியே. எண்கள் பிசகாமல் போய்ச் சேர்ந்தால், நூறு ரூபாய் வயரிலும் ஐயாயிரம் ரூபாய் வயரிலும் வருவது ஒரே இசைதான். பிசகினால் ஒலி 'கொஞ்சம் மங்கி' வராது. 'டக் டக்' என்று வெட்டும், அல்லது அடியோடு நின்றுபோகும். ஆகவே வெட்டில்லாமல், விட்டுப்போகாமல் பாடுகிற வயர் தன் வேலையை முழுமையாகச் செய்துவிட்டது என்று பொருள்.

எண்கள் வந்து சேரும் நேர இடைவெளி சீராக இல்லாமல் போவதும் உண்டு. ரயில் பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன, ஆனால் முன்னே பின்னே வந்தன என்பது போல. இதை 'ஜிட்டர்' என்பார்கள். எண்களைத் திரும்பவும் இசையாக்கும் 'டேக்' என்ற பகுதி, இந்த ஏற்ற இறக்கத்தை ஒழுங்குபடுத்தியே வெளியே விடுகிறது. இன்றைய கருவிகளில் இதற்காக வீட்டு ரசிகர் கவலைப்பட வேண்டியதில்லை.

கோஆக்சியல்: பழைய நண்பன்

ஆம்ப்ளிஃபயரின் பின்னால் பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் வட்டமான ஒற்றைத் துளை இருந்தால் அது கோஆக்சியல். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த இணைப்பு முறை இது. தாமிரக் கம்பியில் மின் துடிப்பாக எண்கள் ஓடும்.

இதற்குத் தேவை 75 ஓம் வயர். புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பழைய டி.வி.டி. பிளேயரோடு வந்த மூன்று நிற வயரில், படத்துக்கான மஞ்சள் வயர் இதே 75 ஓம் வகையைச் சேர்ந்தது. அதையே மாட்டலாம். கேபிள் டி.வி.க்கு இழுக்கும் ஆர்.ஜி.6 வயரும் 75 ஓம்தான். அதன் இரு முனையிலும் ஆர்.சி.ஏ. பின் வைத்து, தெருமுனை மெக்கானிக்கிடம் பற்றவைத்து வாங்கினால் நல்ல உழைப்பாளி.

கோஆக்சியல் உறுதியானது. மடங்கினாலும் இழுபட்டாலும் எளிதில் கெடாது. இதில் ஒரே ஒரு சங்கடம், இரண்டு கருவிகளையும் மின்சார ரீதியாக இது பிணைத்துவிடுகிறது. அதனால் வரும் 'ஹம்' தொல்லையைப் பின்னால் பார்க்கலாம்.

ஆப்டிகல்: வெளிச்சத்தில் ஓடும் பாட்டு

ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1983-ல் கொண்டுவந்தது இது. அதனால் 'டாஸ்லிங்க்' என்றும் பெயர். இந்த வயருக்குள் கம்பியே கிடையாது. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் இழை இருக்கிறது. அதன் வழியே சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்னி மின்னி எண்களைச் சொல்கிறது.

மின்சாரம் ஓடாததால் ஹம் தொல்லை இந்த வயர் வழியாக வரவே வராது. இதுவே இதன் பெரிய பலம். பலவீனம், உடம்பு மென்மை. கூர்மையாக மடக்கினால் இழை முறிந்துவிடும். அலமாரிக்குப் பின்னால் நசுங்கினாலும் போச்சு. வீட்டு உபயோகத்துக்கு ஐந்து மீட்டர் வரை நம்பி இழுக்கலாம்.

புது வயரின் இரு முனையிலும் கண்ணாடி போன்ற சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் மாட்டிவிட்டு, "ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பலர். ஒரு பரிசோதனை: டி.வி. ஓடும்போது வயரின் மறுமுனையைப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டி.வி. அனுப்புகிறது என்று பொருள். தெரியாவிட்டால் குறை டி.வி. பக்கமோ, வயரிலோ இருக்கிறது.

கோஆக்சியலா, ஆப்டிகலா, எது உசத்தி? இரண்டிலும் ஓடுவது ஒரே எண்கள். காதுக்கு வித்தியாசம் இல்லை. எந்த வாசல் இரு கருவியிலும் இருக்கிறதோ அதுவே உசத்தி.

எச்.டி.எம்.ஐ.: படமும் ஒலியும் ஒரே வயரில்

2002 இறுதியில் எச்.டி.எம்.ஐ. வந்தது. முதலில் இது பிளேயரிலிருந்தோ செட்டாப் பாக்ஸிலிருந்தோ டி.வி.க்குப் போகும் ஒருவழிப் பாதையாக இருந்தது. 2009-ல் வந்த 1.4 பதிப்பு, டி.வி.யிலிருந்து ஒலியை மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குத் திருப்பி அனுப்ப வழி செய்தது. இதுதான் ஏ.ஆர்.சி. 2017-ல் வெளியான 2.1 பதிப்பில் இதன் பெரியண்ணன் இ.ஏ.ஆர்.சி. வந்தது.

டி.வி.யில் மூன்று நான்கு எச்.டி.எம்.ஐ. துளைகள் இருந்தாலும் பொதுவாக ஒன்றில்தான் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும். அதில் மாட்டினால்தான் ஒலி திரும்பி வரும். மற்றதில் மாட்டிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

இதன் சிறப்பு, டி.வி. ரிமோட்டிலேயே ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். டி.வி.யை அணைத்தால் ஆம்ப்ளிஃபயரும் அணையும். இதற்கு இரு கருவிகளிலும் சி.இ.சி. என்ற வசதி இயங்க வேண்டும். சாம்சங்கில் 'எனிநெட்', எல்.ஜி.யில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்' என்று பெயர் மாறும், வேலை ஒன்றே. ஆப்டிகலில் இந்த வசதி கிடையாது. பெரும்பாலும் இரண்டு ரிமோட் வைத்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

மீட்டர் கேஜும் பிராட் கேஜும்

இணைப்புகளுக்கிடையே உண்மையான வேறுபாடு இனிமையில் இல்லை. பாதையின் அகலத்தில் இருக்கிறது.

செகந்திராபாத் ஒரு காலத்தில் மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்தித்த ஊர். 1874-ல் வாடியிலிருந்து வந்த பாதை பிராட் கேஜ். மன்மாட் பக்கம் போனது மீட்டர் கேஜ். அகன்ற பாதையின் வண்டி குறுகிய பாதையில் போக முடியாது. சரக்கை இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற வேண்டும்.

கோஆக்சியலும் ஆப்டிகலும் மீட்டர் கேஜ் போல. சி.டி. போன்ற இரண்டு ஒலித்தடங்கள் கொண்ட இசைக்கு அந்தப் பாதை தாராளம். கச்சேரி, பழைய சினிமாப் பாட்டு, நாதஸ்வரம் எதுவானாலும் ஒரு பிட் கூடக் குறையாமல் போகும்.

சினிமாவின் 5.1 ஒலி வேறு. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அதிர்வுக்கு ஒன்று என ஆறு ஒலித்தடங்கள். அவற்றைச் சுருக்காமல் அனுப்ப வினாடிக்குச் சுமார் 46 லட்சம் பிட்கள் வேண்டும். இது அந்தப் பாதையில் அடங்காது. எனவே டால்பி டிஜிட்டல் என்ற முறையில் சுருக்குகிறார்கள். டி.வி.டி.யில் அது அதிகபட்சம் 4,48,000 பிட். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இந்தச் சிறிய மூட்டை ஆப்டிகலிலும் கோஆக்சியலிலும் சுலபமாகப் போகிறது. டி.டி.எஸ். என்பதும் இத்தகைய மூட்டைதான். 1996-ல் வெளிவந்த 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியுடன் வந்த முதல் இந்தியப் படம் என்று பெயர் பெற்றது. அன்று தியேட்டருக்குப் போய்க் கேட்டதை இன்று வீட்டுக் கூடத்தில் கேட்க முடிகிறது.

அதற்கும் அடுத்த தலைமுறை, இன்றைய இணையவழிப் படங்களில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் 'அட்மாஸ்' இதில்தான் ஏறி வருகிறது. இது ஆப்டிகலிலோ கோஆக்சியலிலோ போகாது. பல டி.வி.கள் அதைப் பழைய டால்பியாக மாற்றி ஆப்டிகலில் அனுப்பும், 5.1 கிடைக்கும், அட்மாஸ் கிடைக்காது. எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.யில் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகும்.

இ.ஏ.ஆர்.சி. முழு பிராட் கேஜ். ப்ளூ-ரே தட்டுகளில் உள்ள, ஒரு பிட் கூடக் குறைக்காத பல தட ஒலியும் போகும். ஆனால் ப்ளூ-ரே பிளேயரே இல்லாத வீட்டில், இ.ஏ.ஆர்.சி. என்ற பெயருக்காக மட்டும் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

யு.எஸ்.பி.யும் ப்ளூடூத்தும்

ஆம்ப்ளிஃபயரின் முன்பக்கம் உள்ள யு.எஸ்.பி. துளை பெரும்பாலும் பென்டிரைவில் உள்ள பாட்டைப் படிப்பதற்கு மட்டும். கணினியையோ செல்போனையோ இணைக்கும் யு.எஸ்.பி. வேறு. அதற்குத் தனியாக 'யு.எஸ்.பி. டேக்' வசதி வேண்டும். அந்த வசதி இருந்தால் செல்போனிலிருந்து மிகத் தெளிவான ஒலி கிடைக்கும். வாங்கும்போது இரண்டில் எது என்று கேட்டுவிடுவது நல்லது.

ப்ளூடூத்துக்கு வயரே வேண்டாம். வசதிதான். ஆனால் இசையைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. எல்லாக் கருவிகளிலும் உள்ள எஸ்.பி.சி. முறையில் வினாடிக்குச் சுமார் 3,28,000 பிட், சி.டி.யின் அளவில் கால் பங்குக்கும் குறைவு. சமையல் வேலைக்கு நடுவே பாட்டுக் கேட்க இது போதும். படம் பார்க்கத்தான் சிக்கல். வினாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதம் ஏற்படும். உதடு முன்னே போகும், வசனம் பின்னே வரும்.

ஒலியே வரவில்லையா?

வயரை மாட்டியும் ஒலி வரவில்லை, அல்லது 'கர்' என்று இரைகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். காரணம் பெரும்பாலும் வயர் அல்ல, டி.வி.யின் செட்டிங்.

ஆம்ப்ளிஃபயர் இரண்டு ஸ்பீக்கர் வகை. டால்பி மூட்டையைப் பிரிக்கத் தெரியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஆப்டிகல் கன்வெர்ட்டர்களில் பலவும் அப்படியே. டி.வி.யோ டால்பியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. டி.வி.யின் ஒலி அமைப்பில் 'டிஜிட்டல் அவுட்புட்' என்ற இடத்தைத் தேடி, 'பி.சி.எம்.' என்று மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. ஆறு தடங்களையும் டி.வி.யே இரண்டாகச் சேர்த்து அனுப்பிவிடும்.

5.1 ஆம்ப்ளிஃபயர் உள்ளவர்களுக்கு வேறொரு தவறு நேர்கிறது. படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். இடமில்லை என்று அந்த ஸ்பீக்கரை மாட்டாமல் விட்டால், பின்னணி இசை முழங்கும். பேச்சு மட்டும் காணாமல் போகும். பெரியவர்களுக்கு வசனம் புரிய வேண்டும் என்று தொடங்கிய வேலை தலைகீழாகிவிடும். நடு ஸ்பீக்கர் இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரில் 'சென்டர்' இல்லை என்று அமைக்க வேண்டும், அல்லது பி.சி.எம்.முக்கு மாற்றிவிட வேண்டும்.

எர்த் முள்ளை உடைக்காதீர்கள்

இனி ஹம் தொல்லை. ஆம்ப்ளிஃபயரை இயக்கியதும் 'ம்ம்ம்' என்ற அடித்தொண்டை முனகல். மாடியிலுள்ள டிஷ் அல்லது தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் ஒரு வழியில் பூமியைத் தொடுகிறது. ஆம்ப்ளிஃபயர் சுவர் பிளக்கின் வழியே வேறிடத்தில் பூமியைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையே சிறு மின் வித்தியாசம் இருந்தால், இணைக்கும் தாமிர வயரின் வழியே மின்னோட்டம் ஓடுகிறது. அதுவே முனகலாகக் கேட்கிறது.

இதற்குச் சிலர் செய்யும் வைத்தியம் பயங்கரமானது. மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை, அதாவது எர்த் முள்ளை, உடைத்துவிடுகிறார்கள். அல்லது எர்த் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். முனகல் நின்றுவிடும். ஆனால் ஒருநாள் உள்ளே வயர் கழன்று இரும்புப் பெட்டியைத் தொட்டால், அதைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. எர்த் இருந்தால் மின்சாரம் பூமிக்குப் போய் ஃபியூஸ் விழும். இல்லாவிட்டால் பெட்டியே காத்திருக்கும் எமன். ஈரக் கையோடு ஓடிவந்து ஒலியைக் கூட்டும் குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த விளையாட்டு கூடவே கூடாது.

சரியான வைத்தியம் ஆப்டிகல் வயர். மின்சாரமே ஓடாத இழை என்பதால் இரு கருவிகளுக்கும் இடையே அந்தச் சுற்று அறுந்துவிடும். முனகலும் நிற்கும், எர்த்தும் அப்படியே இருக்கும். எந்த வயரையும் மாட்டுவதற்கு முன் இரண்டு கருவிகளின் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

யாருக்கு எது?

பாட்டும் கச்சேரியும் மட்டும் கேட்பவர், இரண்டு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்: கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் தாராளம். டி.வி.யில் பி.சி.எம். வைத்துவிட்டால் போதும்.

அசெம்பிள் செய்த 5.1 பெட்டியில் படம் பார்ப்பவர்: ஆப்டிகல் அல்லது ஏ.ஆர்.சி. உள்ளே டால்பியைப் பிரிக்கும் போர்டு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒரே ரிமோட்டில் எல்லாம் நடக்க வேண்டும் என்பவர்: எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.

அட்மாஸ் ஆசை உள்ளவர்: ஏ.ஆர்.சி.யாவது வேண்டும். ப்ளூ-ரே தட்டும் உண்டென்றால் இ.ஏ.ஆர்.சி., அதோடு ஈதர்நெட் வசதி கொண்ட 'ஹை ஸ்பீட்' எச்.டி.எம்.ஐ. வயர்.

ஹம் தொல்லை உள்ளவர்: யோசிக்காமல் ஆப்டிகல்.

கடைக்குப் போகும் முன் டி.வி.யின் பின்பக்கத்தையும் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. சில மலிவு டி.வி.களில் ஆப்டிகல் மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில் ஏ.ஆர்.சி. மட்டும் இருக்கும். அந்தப் படத்தைக் கவுண்டரில் காட்டினால் போதும். தெலுங்கும் இந்தியும் சரளமாக வராதவர்களும் தயங்க வேண்டியதில்லை. ஆப்டிகல், கோஆக்சியல், ஏ.ஆர்.சி. என்ற சொற்கள் எல்லா மொழிக் கடைக்காரருக்கும் ஒன்றுதான்.

எண்களைப் பிசகாமல் கொண்டுசேர்ப்பது வயரின் வேலை. அந்த எண்களைக் குரலாக்குவது ஸ்பீக்கரின் வேலை. விலை உயர்ந்த வயருக்கென்று எடுத்துவைத்த ரூபாயை ஸ்பீக்கர் மீது போட்டால், அதன் பலன் முதல் பாட்டிலேயே வீட்டில் எல்லோர் காதிலும் விழும்.